வழியனுப்பு விழா முடிந்த பின்

இருங்கள், இருங்கள், இன்னும் எதையும் ஏற்ற வேண்டாம். முதலில் இந்த டீயைக் குடியுங்கள். லாரி அங்கேயே நிற்கட்டும். இந்தத் தெருவில் பின்னால் வந்து ஹாரன் அடிக்க வண்டி கிடையாது. உங்கள் பெயர் மாதையன் என்றுதானே போனில் சொன்னீர்கள்? தர்மபுரிப் பக்கமா? பேச்சிலேயே நினைத்தேன். என் பெயர் வேதகிரி. முந்தாநாள் லாரி கேட்டுப் பேசியது நான்தான். திருப்பூருக்கு என்று சொன்னதும் நான்தான். காலையில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடவேண்டும், தாமதம் எனக்குப் பிடிக்காது என்று கறாராகப் பேசியதும் நான்தான். நீங்கள் சொன்னபடி வந்துவிட்டீர்கள். தவறு என்மேல்.

தவறு என்றும் சொல்லிவிட முடியாது. முடிவெல்லாம் எடுத்தாகிவிட்டது. இரண்டு முடிவு எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எது என்பதுதான் பாக்கி. நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் இரண்டு பேரையும் என் மனைவி பின்பக்கம் கூப்பிட்டாள், ஏதாவது சாப்பிடக் கொடுப்பாள். நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஏற்ற வேண்டிய நாற்காலிதான், பரவாயில்லை.

வரும் வழியில் வளைவுக்குப் பக்கத்தில் பலகை பார்த்தீர்களா? பொன்மகள் நகர், ஃபேஸ் டூ. ஃபேஸ் ஒன் எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். ஃபேஸ் ஒன் கிடையாது. முதல் ஃபேஸ் விற்றுத் தீர்ந்துவிட்டதாக ஜனங்கள் நினைக்கட்டும் என்று மனை விற்றவர் எடுத்த எடுப்பிலேயே ஃபேஸ் டூ என்று போட்டுவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்து ஓடிவந்து வாங்கினேன். நோட்டீசில் சென்னைப் புறநகர் என்று போட்டிருந்தது. அந்த விஷயம் சென்னைக்குத்தான் தெரியாது.

ஆனால் குறை சொல்ல மாட்டேன். கம்பெனிகள் பக்கம். நான் கார் சீட் தைக்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சீட் உறையின் தையல்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பேன். ஒரு தையல் தவறியிருந்தால் விரல் சொல்லிவிடும். பக்கத்து வீட்டு ஜெபமணி டயர் கம்பெனி. இந்தத் தெருவிலேயே கண்ணாடிக்கு ஒருவர், ஹெட்லைட்டுக்கு ஒருவர், பெயின்டுக்கு ஒருவர் இருந்தார்கள். எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்தால் ஒரு காரையே செய்துவிடலாம் என்று ஜெபமணி சொல்வார்.

பிறகுதான் இந்த மந்தம் வந்தது. கார் விற்கவில்லை. எங்கேயோ ஒருவர் இந்த வருடம் கார் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் இங்கே ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறது. முதலில் கண்ணாடிக்காரர் போனார். பிறகு பெயின்ட். எங்கள் கம்பெனியில் யாரையும் போகச் சொல்லவில்லை, நல்ல மாதிரி. வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். சம்பளமும் மூன்று நாளுக்கு. மீதி நாலு நாள் வீட்டில் உட்கார்ந்து நான் யோசிப்பேன்.

யோசிப்பது எனக்குப் பழக்கம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த ஐம்பத்து நாலு வயதில் அது இன்னும் முற்றிவிட்டது. போகலாமா, இருக்கலாமா? போனால் எங்கே? இருந்தால் எதை வைத்து? இப்படி மொட்டை மாடியில் நடந்துகொண்டே யோசிப்பேன். என் மனைவி குமுதவல்லி கீழே வேலையாக இருப்பாள். அவளுக்கு யோசிக்கிற வழக்கம் கிடையாது. அவளும் ஜெபமணியின் மனைவி எஸ்தர் ராணியும் சேர்ந்து காலையில் ஏதோ சமைப்பார்கள். மெயின்ரோட்டில் பெரிய கிடங்கு ஒன்று புதிதாக வந்திருக்கிறதே, ஆன்லைன் சாமான் வைக்கிற இடம், அங்கே வேலை செய்கிற பையன்களுக்கு மதியச் சாப்பாடு. முதலில் பத்துப் பேருக்கு. இப்போது அறுபது எழுபது போகிறது என்று நினைக்கிறேன். பெண்களுக்கும் பொழுது போகவேண்டுமே. நான் அதில் தலையிடுவதில்லை.

எதைச் சொல்ல வந்தேன்? ஆமாம், வழியனுப்பு விழா.

இங்கே அது ஒரு வழக்கமாகிவிட்டது. கண்ணாடிக்காரர் போனபோது ஜெபமணிதான் ஆரம்பித்தார். "சும்மா சாமானை ஏத்திட்டுப் போனா நல்லாவா இருக்கு சார்? நம்ம கம்பெனியில ரிட்டயர் ஆனா விழா வைக்கதில்லையா? இங்கயும் வைப்போம்" என்றார். முனையில் காலி மனை இருக்கிறதல்லவா, அங்கே பந்தல். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். போகிறவருக்கு ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். பிறகு நாலு பேர் அவரைப் பற்றிப் பேசவேண்டும். எல்லாரும் அழுது, சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொள்வோம். மறுநாள் காலை லாரி வரும். அவ்வளவு அழகான விழா. அடுத்து பெயின்ட்காரருக்கு, அடுத்து ஹெட்லைட்காரருக்கு. பிறகு கடிகாரம் ஒவ்வொன்றாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று வாலாஜாபாத்தில் டஜனாக வாங்கி, 'அன்புடன் பொன்மகள் நகர்வாசிகள்' என்று அச்சடித்து, கமலக்கண்ணன் மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் அடுக்கி வைத்தோம். கடைக்குப் போகிறபோதெல்லாம் அந்தக் கடிகாரப் பெட்டிகள் கண்ணில் படும். மனிதனுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில் என் மச்சானிடமிருந்து போன். குமுதாவின் அண்ணன், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். "மாப்ளே, அங்க எதுக்கு மூணு நாள் வேலைக்குக் காத்துக் கெடக்கறீங்க? இங்க வாங்க. கம்பெனியை மேற்பார்வை பாருங்க. மாடி போர்ஷன் சும்மாதான் இருக்கு" என்றார். நல்ல மனிதர். நான் ஒரு வாரம் யோசித்தேன். மாடியில் நடந்த நடையில் தளத்தில் தடம் விழுந்திருக்கும். கடைசியில் போவது என்று முடிவெடுத்துக் கீழே வந்து குமுதாவிடம் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சொந்த அண்ணன் வீடு. அண்ணி வேறு இருக்கிறாள். மாடியில் ஒரு கரண்டி விழுந்தால்கூட என்ன சத்தம் என்று மேலே வந்து கேட்டுவிட்டுப் போவாள். அவ்வளவு அக்கறை.

"அண்ணன் வீட்டுக்குத்தானே? போலாமே" என்றாள் குமுதா. சொல்லிவிட்டு அரிசி களைந்த தண்ணீரை ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை.

ஜெபமணியிடம் ரகசியமாகத்தான் சொன்னேன். இப்போதைக்கு யாருக்கும் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "எங்கிட்ட சொன்னது கெணத்துல போட்ட கல்லு சார்" என்றார். சாயங்காலம் நகர்வாசிகள் வாட்ஸப் குழுவில் விழாத் தேதி வந்துவிட்டது.

என் விழா எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியாகவேண்டும் மாதையன். எத்தனையோ விழாவுக்குப் பந்தல் கால் பிடித்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை. முதலில் கமலக்கண்ணன் பேசினார். "சார் மாதிரி ஒரு கஸ்டமர் எனக்கு இனிமே கெடைக்கமாட்டாரு. துவரம்பருப்புல ஒரு கல்லு இருந்தாலும் பொட்டலத்த எட்த்துக்கினு வந்துடுவாரு. ஒரே ஒரு கல்லு. அத்தயும் தனியா பேப்பர்ல மடிச்சி எட்த்துக்கினு வருவாரு" என்றார். ஒரே கைதட்டல். ஜெபமணி எழுந்து, "சார் எங்க வீட்டு சோபாவுல இந்த ஒம்பது வருசத்துல ஒருநாளாவது நிம்மதியா உக்காந்திருக்காரா? முதல்ல தையலைத் தடவிப் பார்ப்பாரு. ஒரு பெருமூச்சு விடுவாரு. பொறவுதான் உக்காருவாரு. இனிமே எங்க தெருவுல எது கோணல்னு எங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றார். எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் வேலையைப் பற்றி என் கம்பெனியில்கூட இவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை. நானும் பதிலுக்குப் பேசினேன். முக்கால் மணி நேரம் பேசியதாகச் சொல்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு மனிதன் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதுதான் பொருள்.

குமுதாவையும் பேசச் சொன்னார்கள். அவள் மைக்கை வாங்கி, நாளைக்குக் கிடங்குக்குச் சாம்பார் சாதம் என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

மறுநாள் காலை குமுதா மாடிக்குப் போய் அண்ணனோடு போனில் ரொம்ப நேரம் பேசினாள். துணி காயப்போடப் போனவள், பக்கெட் காலியாகி ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள். அண்ணன் தங்கை பாசம் அப்படி. அன்று சாயங்காலமே மச்சானிடமிருந்து எனக்குப் போன். "மாப்ளே, கொஞ்சம் பொறுங்க. வெளிநாட்டு ஆர்டர் நின்னுபோச்சு. நானே சொல்றேன், அதுவரைக்கும் கெளம்பவேண்டாம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பாவம், பெரிய அடி போலிருக்கிறது. கமலக்கண்ணனின் மருமகன் அதே கம்பெனியில்தான் கட்டிங் வேலை பார்க்கிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம் நடப்பதாக அவன் சொன்னானாம். எனக்கு மனது இன்னும் கஷ்டமாகிவிட்டது. மிஷின் எல்லாம் ஓடுகிறது, ஆள் எல்லாம் வேலை செய்கிறார்கள், ஆர்டர் மட்டும் இல்லை. எவ்வளவு நஷ்டம் பாருங்கள்.

சரி, அது மச்சான் கஷ்டம். என் கஷ்டம் வேறு.

எனக்குப் பொன்னாடை போட்டுவிட்டார்கள். கடிகாரம் கொடுத்துவிட்டார்கள். பாயசம் குடித்துவிட்டேன். அழுதவர்கள் அழுதாகிவிட்டது. அதற்குப் பிறகு மறுநாள் காலையில் லுங்கியோடு போய் எப்படிப் பால் வாங்குவது மாதையன்? நீங்களே சொல்லுங்கள். போனவர்கள் எல்லாரும் ஒழுங்காகப் போனார்கள். நான் மட்டும் விழாவை வாங்கிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். ஊரை ஏமாற்றியவன் மாதிரி ஆகிவிட்டது. நான் யோசித்தேன். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் போய்விட்டதாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தேன்.

சிரிக்காதீர்கள். வெளிக் கேட்டில் பூட்டு போட்டுவிட்டேன். தெருப்பக்கம் விளக்குப் போடுவதில்லை. வேலை இருக்கிற மூன்று நாளும் பின்கதவு வழியாக இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்து, அடுத்த ஸ்டாப்பில் பஸ் ஏறுவேன். திரும்பி வருவதும் அப்படித்தான். ஏறக்குறைய இரண்டு மாதம். ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. "எதுக்குங்க இந்த வேஷம்? நான் தினம் வாசல்ல கோலம் போடறேன், கடைக்குப் போறேன், எஸ்தர் பாத்திரம் எடுத்துக்கிட்டு இங்கதான் வராங்க" என்றாள் குமுதா. உண்மைதான். ஆனால் விழா அவளுக்கு இல்லையே, எனக்குத்தானே? கணவன் முன்னால் போய்விட்டான், மனைவி சாமானைக் கட்டிக்கொண்டு பின்னால் போவாள் என்று ஜனங்கள் எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் யோசிக்காமல் இருப்பேனா?

சில சமயம் மாட்டிக்கொள்ளவும் பார்த்தேன். ஒருநாள் பின்கட்டில் நின்றபோது ஓங்கி ஒரு தும்மல் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எஸ்தர் ராணி "ஆயுசு நூறு" என்றாள். நான் அப்படியே உறைந்துபோய் நின்றேன். பிறகுதான் புரிந்தது, அவள் வீட்டில் யாரோ தும்மியிருக்கிறார்கள். அதே நேரத்தில். இன்னொரு நாள் நான் ஏரிக்கரையில் ஏறும்போது ஜெபமணி நேர் எதிரே வந்துவிட்டார். ஒளிய இடமில்லை. நல்லவேளை, அவர் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கொக்கையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் பின்னாலேயே பூனை மாதிரி கடந்து போய்விட்டேன். அவருக்குப் பறவைகள் மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அந்தக் கொக்கைப் பார்க்க வந்துவிடுவார். சில நாள் கொக்கு இருக்காது, அப்போதும் பார்ப்பார்.

மழை வந்த அன்று பின்வாசலில் ஒரு குடை மாட்டியிருந்தது. குமுதா வாங்கியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடியில் டயர் கம்பெனி பெயர் இருந்தது. எங்கே வாங்கினாளோ.

கஷ்டம் என்னவென்றால், இப்படி ஒளிந்துகொண்டு இருக்கும்போதுதான் இந்த இடத்தை நான் சரியாகப் பார்த்தேன். முன்பெல்லாம் கோணல்தான் கண்ணில் படும். இந்த மின்கம்பம் சாய்ந்திருக்கிறது, அந்தக் கால்வாய் மூடி சரியில்லை என்று. இருட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால் தெருவில் பேசுகிறது எல்லாம் கேட்கும். யார் வீட்டில் மீன் வாங்கினார்கள், யாரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள், யார் பெண்ணுக்கு முதல் பிரசவம். எனக்கு ஆசையாக இருக்கும். கதவைத் திறந்துகொண்டு போய் நானும் நாலு வார்த்தை பேசலாமா என்று இருக்கும். இதே வீட்டில் ஒன்பது வருடம் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், ஒருநாளும் போய்ப் பேசத் தோன்றவில்லை. விசித்திரமான ஆள் நான்.

முந்தாநாள் மச்சான் மறுபடி போன் செய்தார். "மாப்ளே, நான் எத்தன நாள்தான் அந்த எடத்தைக் காலியா வெச்சிருக்கறது? வாரதுன்னா இந்தத் திங்கக்கெழமைக்குள்ள வந்துருங்க. இல்லேன்னா வேற ஆளப் போட்டுர்றேன். கோவிச்சுக்காதீங்க. எந்த முடிவுன்னாலும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். வீட்டில் எதற்குக் கேட்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆர்டர் வந்துவிட்டது போலிருக்கிறது, அதுவே சந்தோஷம். உடனே உங்களுக்குப் போன் செய்தேன். நேற்று முழுக்க நானே ஒண்டியாகச் சாமான்களைக் கழற்றி, இழுத்து, இந்த முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து போட்டேன். சத்தம் வராமல்தான் செய்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. குமுதா போனில் எஸ்தரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், பால் எவ்வளவு வாங்குவது என்று.

இனிமேல்தான் விஷயம். இன்று விடிந்ததும், நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வெளிக் கேட்டை யாரோ தட்டினார்கள். பூட்டியிருக்கிற கேட்டை யார் தட்டுவார்கள்? நான் மூச்சுக் காட்டவில்லை. குமுதா நேராகப் போய்ப் பூட்டைத் திறந்துவிட்டாள். பார்த்தால் தெருவே நிற்கிறது. ஜெபமணி வேட்டி சட்டையில். எஸ்தர் ராணி கையில் புதுப் பானை. கமலக்கண்ணன் ஒரு தாம்பாளத்தில் உப்பு, மஞ்சள், சர்க்கரை வைத்திருக்கிறார். நான் இந்தச் சாமான்களுக்கு நடுவில் பனியனோடு நிற்கிறேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது.

ஜெபமணி இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் சார். இந்த வீட்டுக்குப் புதுசா குடிவந்திருக்கதா கேள்விப்பட்டோம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா?" என்றேன்.

"ஆமா சார். முன்னால ஒரு வேதகிரி சார் இருந்தாரு. அவருக்கு நாங்க பிரமாதமா விழா எடுத்து அனுப்பி வச்சாச்சு. அவரு கணக்கு தீந்துச்சு. நீங்க புது ஆளு. பால் காய்ச்சாம உள்ள இருக்கலாமா?"

"எந்த ஊரு சார் நீங்க? எந்த கம்பெனி?" என்று கமலக்கண்ணன் கேட்கிறார், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். "பருப்புல கல்லு பாக்கற பழக்கம்லாம் உண்டா?"

"அதெல்லாம் கேக்காதீங்க, புதுசா வந்தவங்க பயந்துருவாங்க" என்று எஸ்தர் ராணி உள்ளே நுழைந்துவிட்டாள்.

நான் கட்டிவைத்த அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, நடுக்கூடத்தில் அடுப்பை வைத்துப் பாலை ஏற்றினார்கள். இந்த நகரில் பால் பொங்கி இரண்டு வருடம் ஆகிறது மாதையன். வருகிறவர் யாருமில்லையே, போகிறவர்கள்தானே? எந்தப் பக்கம் பொங்கவேண்டும் என்பதே எல்லாருக்கும் மறந்துபோய்விட்டது. கிழக்கு என்கிறார் ஒருவர், வடக்கும் பரவாயில்லை என்கிறார் இன்னொருவர். பால் எல்லாப் பக்கமும் பொங்கி வழிந்துவிட்டது. ஒரே கூச்சல். பெண்கள் குலவை போட்டார்கள். எஸ்தர் ராணிக்கு அது வராது, அவள் கை தட்டினாள். எனக்கு ஒரு சின்ன டம்ளரில் முதல் பால். குடித்தேன்.

அப்போது ஜெபமணி என்னைத் தனியாக அந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "சார், ஒண்ணு சொல்லட்டுமா? உங்க விழா அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடல. நீங்க போனா அடுத்தது நான்தான். எனக்குத் தூத்துக்குடியில என் தம்பி கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். நான் போனா எஸ்தர் சமையல் நின்னுபோவும். கமலக்கண்ணன் கடையை மூடிருவாரு. பொறவு பஸ்ஸு எதுக்கு இங்க வரும்? ஒரு ஆளு இருந்தா இன்னொரு ஆளு இருப்பான் சார். அவ்வளவுதான் கணக்கு. உங்களைப் பிடிச்சு வைக்கல. போறதுன்னா போங்க. ஆனா வெக்கத்துக்காகப் போவாதீங்க" என்றார்.

வெட்கத்துக்காக. அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. இரண்டு மாதமாக நான் எதற்காகப் போகிறேன் என்று யோசித்ததே இல்லை. போகவேண்டும் என்று மட்டும்தான் யோசித்தேன். சம்பளத்துக்காகவா? அல்லது கடிகாரம் வாங்கிவிட்டோமே என்பதற்காகவா?

"நான் இங்கதான் இருக்கேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் சார்" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார்.

பிறகு நான் குமுதாவிடம் போனேன். அவள் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஜெபமணி அண்ணன்கிட்ட கேட்டீங்க. திருப்பூர்ல எங்க அண்ணன்கிட்ட கேட்டீங்க. கம்பெனியில அந்த மேனேஜர்கிட்ட கேட்டீங்க. மாடியில தண்ணித் தொட்டிகிட்டகூட கேட்டிருப்பீங்க. எங்கிட்ட இப்பத்தான் கேக்கறீங்க" என்றாள்.

சரிதான். நான் நினைத்துப் பார்த்தேன், கேட்டதில்லை. அவளுக்கு யோசிக்கிற வழக்கம் இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. "இப்பக் கேக்கறேனே, சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்" என்றேன்.

"நெஜமாவா?"

"நிஜமாத்தான்."

"வாசல்ல லாரி வந்திருக்கு. மொதல்ல அந்த டிரைவருக்கு டீ கொண்டுபோய்க் குடுத்துட்டு, அவர்கூட கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருங்க. அந்த ரெண்டு ஆளுங்களையும் பின்பக்கம் அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். இப்போது நீங்களே சொல்லுங்கள் மாதையன். நீங்கள் வெளியாள், நாலு ஊர் பார்த்தவர். ஒரு பக்கம் திருப்பூர். முழுச் சம்பளம், மாடி போர்ஷன், அண்ணி. இன்னொரு பக்கம் வாரம் மூன்று நாள் வேலை, அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இந்தச் சமையல் வருமானத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது பொழுதுபோக்கு. போன மாதம் வீட்டுக் கடன் தவணை அதிலிருந்துதான் போனது என்று குமுதா சொன்னாள். அதற்கு முந்தின மாதமும் அப்படித்தானாம். இருந்தாலும் அதை நம்பி ஒரு பெரிய முடிவு எடுக்க முடியுமா? இப்போது பாருங்கள், அறுபது சாப்பாடு. ஒரு சாப்பாட்டில் என்ன மிஞ்சும்? கிடங்கில் இன்னும் ஆள் எடுக்கப் போகிறார்களாம். பாத்திரம் பெரிதாக வேண்டும், தரம் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று எஸ்தர் ராணி அன்றைக்கே சொல்லிக்கொண்டிருந்தாள், சாதம் குழைந்துபோனால் பையன்கள் திட்டுகிறார்களாம். தரம் பார்க்க யாரைப் பிடிப்பார்களோ. நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

மச்சானுக்கு வேறு பதில் சொல்லவேண்டும். நான் வரவில்லை என்றால் அவர் மனது எவ்வளவு உடைந்துபோகும்? அதை நினைத்தால்தான் எனக்கு... அதோ, குமுதா ஜன்னல் பக்கம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அவரிடம்தான். சிரித்துக்கொண்டு பேசுகிறாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர்.

இல்லை, அவசரப்படக்கூடாது. ஒரு மனிதன் தன் முடிவைத் தானே எடுக்கவேண்டும். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. நான் மட்டும் முதலில் போய் ஒரு மாதம்...

கொஞ்சம் இருங்கள். உங்கள் ஆட்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? அந்தக் கட்டில் பலகையை எங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள்? லாரி இந்தப் பக்கம்தானே நிற்கிறது?

உள்ளேயா?

ஜெபமணியும் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார். கமலக்கண்ணன் கையில் கட்டில் கால்கள். நாலையும் ஒன்றாகச் சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார் மனிதர். ஐயோ, அவற்றை அப்படி மாற்றிப் போடக்கூடாது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு மூலை இருக்கிறது, இடம் மாறினால் கட்டில் ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? தள்ளுங்கள், தள்ளுங்கள் மாதையன், டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு நீங்களும் ஒரு கை கொடுங்கள். கமலக்கண்ணன்! அந்தக் கால் இல்லை, அது தலைமாட்டுக் கால்! இதோ வந்துவிட்டேன், நான் வருகிற வரைக்கும் யாரும் மரையை முடுக்காதீர்கள்!